கண்ணாடிபோல் மினுங்கிய குழல்

துவக்குகளைப் பரிசோதிக்கும் கந்தோரில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆரையாவது சுட்டிருக்கிறியளோ?" முந்தியெல்லாம் சிரித்துச் சமாளிப்பேன். இப்போது கோபம் வருகிறது. இருபத்துநான்கு வருடம் துவக்குகளோடு சீவித்தவன் நான். ஒரு காகத்தைக்கூடச் சுட்டதில்லை. சுடுகிறவனுடைய கையும் அடுத்த வளவில் நிற்கிறவளுடைய உயிரும் தப்புமா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த வேலை செய்தவனுக்கு நித்திரை ஒழுங்காக வராது. இதையும் யாராவது கேட்டால் நல்லது.

போன மாதம் என் இடத்தில் இப்போது இருக்கும் உத்தியோகத்தர் வேலணைக்கு வந்த வழியில் என் வீட்டுக்கும் வந்தார். நல்ல மனிசன். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, குழல் தேய்ஞ்ச பழைய றைபிளைத் திருத்திறதோ, ஒதுக்கிறதோ எண்டு என்னெண்டு முடிவெடுக்கிறது? புத்தகத்திலை இரண்டு வசனந்தான் கிடக்கு."

"பேந்து சொல்லுறன்" என்று அனுப்பிவிட்டேன். என்னிடம் ஒரு றைபிளின் கதைதான் இருக்கிறது. அதை எழுதித் தருகிறேன், அவர் வாசிக்கட்டும்.

நான் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழில் சேர்ந்தேன். கொழும்பில் ஒரு பட்டறையில் பதினெட்டு மாதம் விட்டார்கள். அரம் பிடிக்கப் பழகினேன், சிங்களத்தில் ஏச்சு வாங்கப் பழகினேன், வேறு விசேஷமில்லை. பிறகு ஊர்காவற்றுறைக் கந்தோர். கடலைப் பார்த்த ஒரு அறை, ஒரு நீள மர வாங்கு, பூட்டுப்போட்ட ஒரு அலுமாரி. வருடத்துக்கு ஒருமுறை அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலத்தில் தீவுகளிலுள்ள துவக்கெல்லாம் அந்த வாங்கில் வந்து படுக்கும். வர முடியாத ஊர்களுக்கு நாங்கள் பெட்டியோடு வள்ளத்தில் போவோம்.

பார்க்கும் முறையைச் சொல்லவேண்டும். முதலில் துவக்கைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்க்கவேண்டும். கொண்டுவந்தவன் ஆலயத்தில் சத்தியம் பண்ணினாலும் நம்பக்கூடாது. இரண்டு தரம் பார்க்கவேண்டும். பிறகு குழலின் பின்வாயில் பெருவிரலை வைத்து, நகத்தில் வெளிச்சம் விழும்படி பிடித்து, முன்வாயால் உள்ளே பார்க்கவேண்டும். நகம் வெளிச்சத்தைக் குழலுக்குள் அனுப்பும். வேட்டைத் துவக்கென்றால் உள்ளே வழுவழுப்பு. துரு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். றைபிள் வேறு சாதி. அதன் குழலுக்குள் வரிகள் சுருண்டு சுருண்டு போகும். அந்த வரிதான் குண்டைச் சுழற்றி நேரே அனுப்புவது. வரி தேய்ந்துபோனால் குண்டு புரண்டு புரண்டு போகும். எங்கே போகும் என்று சுட்டவனுக்கும் தெரியாது.

தீவுப் பகுதியில் பத்துத் துவக்கில் ஒன்பது வேட்டைத் துவக்கு. கடற்காற்று தின்ற துருவைப் பார்த்துப் பார்த்தே என் கண் பழகிப்போனது. உள்ளே மினுங்கினால் நல்லது, கறுத்திருந்தால் கெட்டது. இவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்த சாத்திரம். இந்தச் சோம்பல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் மேலதிகாரி தம்பிமுத்து ஐயா. வெள்ளைக் காற்சட்டை, தடித்த மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இல்லாவிட்டால் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் முகமே அவருக்குத் தெரியாது. சந்தேகமான துவக்கு ஒன்றை அவரிடம் கொண்டுபோனால் ஒரு சடங்கு நடக்கும். கண்ணாடியைக் கழற்றுவார். லேஞ்சியால் இரண்டு பக்கமும் துடைப்பார். சேட்டுப் பைக்குள் பத்திரமாக வைப்பார். அதற்குப் பிறகுதான் குழலைத் தூக்கி உள்ளே பார்ப்பார். "ம்" என்பார். "நீர் பார்த்தீர்தானே? உமக்குத் தெரியாததோ?" என்று திருப்பித் தந்துவிடுவார். எழுத்தில் ஒரு வரி தரமாட்டார். புத்தகத்தில் என் கையெழுத்து மட்டுந்தான் இருக்கும். கெட்ட மனிசன் இல்லை, பயந்த மனிசன். அவர் பயத்தை நான் சுமந்தேன், அவ்வளவுதான்.

நெடுந்தீவில் ஒரு மூலையிலுள்ள ஊர். பெயரை விட்டுவிடுகிறேன், அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஊர்ச் சபையிடம் ஒரு பழைய சிறிய றைபிள் இருந்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. விசர்நாய் சுடுவதற்கென்று வைத்திருந்தார்கள். சுடுகிறவர் நாகமணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஊர்ச் சிறு கோவிலில் பூக்கட்டுவதும் விளக்கு மினுக்குவதும் அவருடைய குடும்பத்துத் தொண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கரையோரக் காவலில் சேர்ந்து சுடப் பழகியிருந்தார். அதனால் சபை இந்த வேலையை அவர் தலையில் கட்டியது. நாய் சுடத் தொடங்கியதும் கோவில்காரர், "நாகமணி, இனி விளக்கைத் தொடாதையும்" என்று சொல்லிவிட்டார்கள். மச்ச மாமிசம் தொடாத மனிசன். எல்லோருடைய பயத்துக்கும் அவர் வேண்டும், விளக்குக்கு மட்டும் வேண்டாம். எனக்கு அதைக் கேட்டபோதே பத்திக்கொண்டு வந்தது, ஆனால் அது என் வேலை இல்லையே.

நாகமணி அண்ணையின் றைபிளைப் போல் சுத்தமான துவக்கு தீவுகளில் இருக்கவில்லை. உள்ளே பார்த்தால் கண் கூசும். முதல் வருடமே சொன்னேன்: "அண்ணை, கண்ணாடி மாதிரி வைச்சிருக்கிறியள். மற்றவை உங்களைப் பார்த்துப் பழகவேணும்." அந்த மனிசனுடைய முகம் மலர்ந்ததே, இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அவரைப் புகழ்ந்து சொல்ல ஊரில் யாரும் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர். புத்தகத்தில் பெருவிரல் அடையாளம் வைப்பார். ரேகை ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். "சங்கக்கடை முத்திரையைவிட உங்கடை விரல் தெளிவு அண்ணை" என்று பகிடி விடுவேன். அடுத்த வருடம் வந்து, "போன முறை மினுக்கம் எண்டு சொன்னனீங்கள் ஐயா, இந்த முறை இன்னும் மினுக்கிக்கொண்டு வந்தனான்" என்றார். நானும் நகத்தைப் பிடித்துப் பார்த்தேன். மினுங்கியது. "நன்று" என்று எழுதினேன். இப்படி ஆறோ ஏழோ வருடம்.

அறுபதுகளின் நடுவில் சோளகக் காற்று வீசும் ஒரு காலம். பரிசோதனை மாதமே இல்லை. காலை வள்ளத்தில் நாகமணி அண்ணை வந்து கந்தோர் வாசலில் நிற்கிறார். ஒரு கையில் சாக்கில் சுற்றிய றைபிள், மறு கையில் ஒரு அலுமினியக் குடம். உள்ளே வந்து குடத்தை என் மேசையில் வைத்தார்.

"என்ன அண்ணை, தண்ணிக்கே வந்தனீங்கள்?" என்று பகிடி விட்டேன்.

"ஓட்டையைப் பாருங்கோ ஐயா."

குடத்தின் வயிற்றில் ஓட்டை. வட்டமில்லை, நீளம். குண்டு படுத்தபடி வந்து இடித்த ஓட்டை.

"ஆரின்ரை குடம்?"

"என்ரை தங்கச்சி பூரணத்தின்ரை. இடுப்பிலை வைச்சிருந்தவள். நாலு விரல் இஞ்சாலை எண்டால் அவளில்லை ஐயா, அவளில்லை." மனிசன் வாங்கில் இருந்துவிட்டார். "விசர்நாய் கிணத்தடிக்கு வந்திட்டுது. அவள் நிண்டது நாயிலையிருந்து ஒன்பது அடி தள்ளி. நான் காணாமச் சுடேல்லை. கண்டுதான் சுட்டனான். அவ்வளவு தள்ளி நிக்கிறாள்தானே எண்டு சுட்டனான். நாய் ஓடியிட்டுது. அவள் குடத்தைப் போட்டிட்டு என்னைப் பார்த்த பார்வை…"

ஊர் விதானையாரின் கடிதத்தையும் தந்தார். அந்த நாய் ஒரு கிழவரைக் கடித்துவிட்டது. அவரை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றில் ஊசி போடுகிறார்கள். வேறு மூன்று நாய்களையும் அது கடித்திருக்கிறது. சோளகம் பெலத்தால் வள்ளம் ஓடாது. இனி யாரையாவது கடித்தால் ஊசிக்குக் கொண்டுபோக வழி இல்லை. ஊரில் இரண்டு பேரிடம் வேட்டைத் துவக்கு இருக்கிறது. நாயைச் சுட்ட பாவம் தங்களுக்கு வேண்டாம் என்று இரண்டு பேரும் அலுமாரியைப் பூட்டிவிட்டார்கள். தயவுசெய்து றைபிளைக் கெதியாகத் திருத்தி அனுப்பவும். இவ்வளவும் கடிதத்தில் இருந்தது.

தம்பிமுத்து ஐயா குடத்தைத் தொடாமல் பார்த்தார். "முருகைக்கல் மதில் எல்லாம் உங்கை. கல்லிலை பட்டுத் தெறிச்சிருக்கும். துவக்கிலை பிழை இராது" என்றார். எனக்கும் அப்படி இருந்தால் நல்லதென்றுதான் ஆசை. கந்தோருக்குப் பின்னால் மணல் திட்டியில் கடுதாசி கட்டி, றைபிளைக் கட்டையில் இறுக்கி, ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தோம். அங்கே கல்லே இல்லை. மூன்று ஓட்டை நீளம். ஒன்று கடுதாசியின் மூலையில். ஐந்தாவதைக் காணவில்லை.

பிறகுதான் ஈயக் கட்டி ஒன்றைக் குழலின் முன்வாயில் வைத்து மரக்கோலால் மெதுவாகத் தள்ளினேன். பிடிக்கவேண்டிய ஈயம் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு அங்குலம், இரண்டு, மூன்று. நாலாவது அங்குலத்தில்தான் வரி பிடித்தது. அப்படியானால் பின்பக்கம் வரி இருக்கிறது, வாய்ப்பக்கம் இல்லை. சுட்டுத் தேய்ந்த குழல் இப்படித் தேயாது.

"அண்ணை, இதை எதாலை துப்புரவாக்கிறனீங்கள்?"

"எல்லாரும் செய்யிற மாதிரித்தான். பழப்புளி, சாம்பல், கொஞ்சம் கடல்மணல். பனமட்டை ஈர்க்கிலை தும்பைச் சுத்தி வாயாலை விட்டுத் தேய்க்கிறது."

"அது விளக்கு மினுக்கிற முறையெல்லோ!"

"ஓம் ஐயா." குனிந்துகொண்டார். "ஒவ்வொரு நாய்க்கும் நூற்றெட்டுத் தரம். வாயில்லாச் சீவன். சுட்ட பாவம் சும்மா முழுகினால் போகுமே? விளக்கைத் தொட விடுகினமில்லை. இதையெண்டாலும் மினுக்குவம் எண்டு…" பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னார்: "நீங்களும் ஒவ்வொரு வருஷமும் நல்லாயிருக்கெண்டு சொன்னனீங்கள்."

வரி தேயத் தேயக் குழல் மினுங்கியிருக்கிறது. மினுங்க மினுங்க நான் புகழ்ந்திருக்கிறேன். நான் புகழப் புகழ அவர் இன்னும் தேய்த்திருக்கிறார். பூரணத்தின் குடத்தில் விழுந்த ஓட்டையில் பாதி என்னுடையது. அதை அவரிடம் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அளவுகோலைத் தேடப் போய்விட்டேன்.

இனித்தான் முடிவெடுக்கிற பகுதி. தம்பி, இதைத்தானே கேட்டீர், வடிவாக வாசியும்.

வழி மூன்று. ஒன்று, சிவப்புக் கோடு போட்டு ஒதுக்குவது. சபைக்குப் புதுத் துவக்கு அனுமதி கிடைக்க ஒரு வருடமாவது ஆகும். இரண்டு, கொழும்புக்கு அனுப்பிப் புதுக் குழல் கேட்பது. ஆறு மாதம். மூன்று, தேய்ந்த வாயை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சின நல்ல குழலுக்குப் புது வாய் செய்வது. ஒரு நாள் வேலை. ஆனால் சட்டம் சொல்லும் நீளத்துக்குக் குறைந்தால் அது துவக்கில்லை, களவு ஆயுதம். வெட்டினவன் சிறைக்குப் போகவேண்டியதுதான். அளந்தேன். நாலு அங்குலம் வெட்டினால் சட்டத்துக்குமேல் மிஞ்சுவது கால் அங்குலம். அரம் பிடிக்கும்போது கை ஒரு சொட்டுப் பிசகினால் அந்தக் கால் அங்குலமும் போய்விடும். வாய் ஒரு மயிரளவு சரிந்தால் குண்டு மறுபடியும் கோணலாகப் போகும். இந்த முறை நான் திருத்திக் கொடுத்த துவக்கிலிருந்து போகும்.

தம்பிமுத்து ஐயாவிடம் கொண்டுபோனேன். சடங்கு தொடங்கியது. கண்ணாடி கழன்றது, துடைபட்டது, பைக்குள் போனது.

"கொழும்புக்கு எழுதுவம்" என்றார்.

"ஐயா, ஆறு மாதத்துக்குள்ளை உந்த நாயள் ஊரையே கடிச்சுப்போடுங்கள்."

"அது சபையின்ரை அலுவல். நீர் ஏன் காணும் தலையைக் குடுக்கிறீர்?"

"வெட்டட்டோ?"

"நான் வெட்டச் சொல்லேல்லை. வெட்ட வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. நீர் வெட்டினால், நீர் வெட்டினது."

கதிரையால் எழும்பி வந்துவிட்டேன். நின்றிருந்தால் வாயில் ஏதாவது வந்திருக்கும்.

இரண்டு நாள் வெட்டவில்லை. பயம்தான், வேறென்ன. சோறு இறங்கவில்லை. வீட்டில் மனிசி, "கந்தோரிலை ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டாள். அளப்பேன், வைப்பேன், திரும்ப அளப்பேன். நாகமணி அண்ணை துறைமுகத்தடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையும் மாலையும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை நெடுந்தீவு வள்ளக்காரன் வாசலில் நின்று கத்தினான்: "நாகமணியண்ணை! நேற்று அந்தக் கோதாரி நாய் பள்ளிக்கூடப் படலைக்குள்ளை நிண்டதாம். வாத்தியார் பிள்ளையளை மேசைக்கு மேலை ஏத்தி விட்டவராம். காத்தும் பெலக்குது, நாளைக்கு வள்ளம் விடுறனோ தெரியாது!"

வாளை எடுத்தேன். குறி போட்டேன், மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், மறுபடி அளந்தேன். பிறகு வெட்டினேன். வெட்டுண்ட நாலு அங்குலத் துண்டு வாங்கில் விழுந்து உருண்டது. எடுத்து உள்ளே பார்த்தேன். என்ன மினுக்கம்! ஒரு வரி இல்லை. மத்தியானம் வரை அரமும் மட்டமுமாக வாயை நேராக்கி, குறிபார்க்கும் முன்முனையையும் புது வாயில் பொருத்தினேன். வியர்வை குழலில் விழாமல் நெற்றியில் சீலை கட்டியிருந்தேன். மணல் திட்டியில் மறுபடி ஐந்து தோட்டா. ஐந்தும் வட்டம். ஐந்தையும் ஒரு சிரட்டையால் மூடலாம். அளவுகோலை வைத்தேன். சட்டத்துக்குமேல் மிஞ்சியது கால் அங்குலத்திலும் ஒரு நூல் குறைவு.

"அண்ணை, சரி" என்றேன்.

அவர் றைபிளை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஏலாது ஐயா. நீங்கள் கடுதாசியிலை சுட்டியள். எனக்குக் கடுதாசி தெரியேல்லை, பூரணந்தான் தெரியிறாள்."

அன்று பின்னேர வள்ளத்தில் நானும் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கடல் அடித்த அடியில் குடலெல்லாம் வாய்க்கு வந்தது. கரையிறங்கி அவர்களுடைய வளவுக்குப் போனால் பூரணம் படலையில் நிற்கிறா. முப்பது வயதிருக்கும். தமையனைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை, அழவுமில்லை. தோளில் தொங்கிய குடத்தைக் கண்டதும் சத்தம் போட்டா.

"உந்த ஓட்டைக் குடத்தை ஊர் ஊராய்க் கொண்டு திரியிறியே அண்ணை? வெக்கமில்லையே? கொண்டா இஞ்சை."

விசயத்தைச் சொன்னேன். இவர் துவக்கைத் தொடுகிறாரில்லை என்றேன். அவ குடத்தை வாங்கி, கல்மதிலுக்கு முன்னால் கிடந்த மணல் குவியலில் நட்டுவைத்தா.

"இதுக்குச் சுடு. ஏற்கெனவே ஓட்டைதானே. இன்னொண்டு விழுந்தால் ஆருக்கு நட்டம்?"

"பிள்ளை, நீ தள்ளி…"

"நான் உன்ரை முதுகுக்குப் பின்னாலை நிக்கிறன். சுடு எண்டுறன்!"

றைபிளைக் கொடுத்தேன். வாங்கினார். கந்தோர் மணலில் கட்டையில் இறுக்கிச் சுட்டது வேறு; இது மனிசன் பிடித்துச் சுடுவது. வெடித்தது. பூரணம்தான் முதலில் ஓடினா. குடத்தைத் தூக்கிக் காட்டினா. நீள ஓட்டைக்குப் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, பொட்டு வைத்ததுபோல் வட்டமாக ஒரு ஓட்டை.

"இது துவக்கு" என்றா. "மற்றது சனியன்."

மறுநாள் விடிய அந்த நாய் குளத்தடியில் நின்றது. வாயில் நுரை, பின்கால் இழுபட்டது. நான் நாகமணி அண்ணைக்குப் பின்னால் நின்றேன். ஒரே வெடி. துடிக்காமல் விழுந்தது. அதன் பிறகு அது கடித்த மூன்று நாய்களும். ஒன்று வீட்டு நாய், வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதைச் சுடும்போது அவருடைய உதடு ஏதோ முணுமுணுத்தது.

வளவுக்குத் திரும்பியதும் மனிசன் நேரே குசினிக்குள் போனார். புளியும் சாம்பலும் ஒரு சிரட்டையில் எடுத்துக்கொண்டு வந்து கிணற்றடியில் குந்தினார். றைபிளை மடியில் வைத்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணை! இனி இதுக்குள்ளை சாம்பல் போகக்கூடாது. எண்ணெய்ச் சீலை மட்டும். தேய்ச்சியளோ, அடுத்த குடத்திலை ஓட்டை விழாது, ஆளிலை விழும். வெட்டுறதுக்கு இனிக் குழல் இல்லை."

சிரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் இதை எதாலை ஐயா கழுவுறது?"

நாலு நாய்களின் கணக்கு அவருடைய கண்ணில் நின்றது. துவக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "குழலைத் தொடாதேங்கோ அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன்" என்றேன். "நீங்கள் சொன்னால் சரி" என்றார். அவ்வளவுதான். காற்றுக் கொஞ்சம் தணிய, மத்தியான வள்ளத்தில் நான் திரும்பிவிட்டேன்.

கந்தோரில் தம்பிமுத்து ஐயா, "என்ன நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். மூக்கில் கண்ணாடி இருந்தது. கை மேலே போனது. கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். நேராக்கி வைத்துக்கொண்டு நான் எழுதியிருந்ததை முழுக்க வாசித்தார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் வைத்தார். அப்படி அவர் செய்தது அந்த ஒரு முறைதான். "அளந்தனீர்தானே?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த றைபிளை நான் நகத்தை மட்டும் நம்பிப் பார்க்கவில்லை. ஈயம் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் முதல் அங்குலத்திலேயே பிடித்தது. நாகமணி அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெருவிரலை வைத்துவிட்டுப் போவார். என் கண் முழுக்கக் குழலில் இருந்தது. மை ஒற்றும் தாளை அழுத்திப் புத்தகத்தை மூடிவிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் துவக்குகளையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. ஒரு கிழமையாக வாசலில் வரிசை. நாகமணி அண்ணையும் வந்தார். தலை முழுக்க வெள்ளை. றைபிளை வாங்கித் திறந்து, இரண்டு தரம் பார்த்து, நகத்தை வைத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பூச்சுக்குள் வரிகள் சுருண்டு சுருண்டு போயின. ஈயம் முதல் அங்குலத்தில் பிடித்தது. சந்தோசமாக இருந்தது. இது என் வேலை, இது தப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரத்தில் அடையாளம் வைக்கிற வேலையைப் புது எழுதுவினைஞர் ஒருவர் பார்த்தார்.

"பெரியவர், அடையாளம் விழேல்லை. திரும்ப வையுங்கோ."

மறுபடி வைத்தார்.

"என்ன இது, வெறும் கறுப்பு. அழுத்தி வையுங்கோ."

நான் எழும்பிப் போனேன். கடுதாசியில் மூன்று மைப்பொட்டுகள். ஒன்றிலும் ரேகை இல்லை. அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை, விரல்கள், எல்லாம் வழுவழுப்பு. சிவந்து, மெல்லிய தோல் மட்டும். சுட்டுவிரலின் நகம் பாதிதான் இருந்தது. புளி மணத்தது.

"குழலைத் தொடேல்லை ஐயா" என்றார். "நீங்கள் சொன்னனீங்கள்."

எனக்கு எல்லோருக்கும் முன்னால் அழுகை வந்துவிட்டது. எழுதுவினைஞர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "விடும் தம்பி, அது அவரின்ரை அடையாளந்தான், நான் சாட்சி" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். பிறகு என் புத்தகத்தை எடுத்தேன். அதில் 'குழலின் நிலைமை' என்று ஒரு பத்தி இருக்கிறது. "நன்று" என்று எழுதினேன். வேறு பத்தி அதில் இல்லை.